இனிஷியல் இல்லாத பட்டியல்

எங்கள் கட்சியில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, பரப்பளவுதான் உண்டு. மாவட்டச் செயலாளரை யாரும் செயலாளர் என்று சொல்வதில்லை, வெறும் ‘மாவட்டம்’. ஒன்றியச் செயலாளர் ‘ஒன்றியம்’. எங்கள் பேரூராட்சியில் கட்சிச் செயலாளர் ‘பேரூர்’. “மாவட்டம் இன்னும் எழுந்திருக்கல,” “ஒன்றியத்துக்கு சுகர் ஜாஸ்தி, டீயில சக்கரை போடாத” என்றெல்லாம் எங்கள் வீட்டு ஹாலில் பேசிக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் போனில், “மாவட்டம் பாத்ரூம்ல வழுக்கி உழுந்துடுச்சாம்” என்றதைக் கேட்டு அரை நிமிஷம் நிஜமாகவே பயந்துபோனேன்.

என் வீட்டுக்காரர் அந்த வரிசையில் ‘வார்டு’. கட்சியில் அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஆகவே நான் பல வருஷம் ‘வார்டு வீட்டம்மா’வாக இருந்தேன். அவருக்கு டேனரியில் வேலை. பதப்படுத்தி வந்த தோலை மேஜையில் விரித்து, தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது மூணாந்தரம் என்று பிரித்துப் போடுவார். எனக்கு ஷூ கம்பெனியில் வேலை. தைத்து வருகிற மேல்தோலில் நூல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான சீட்டு. ஆக எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே குறை கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. வீடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில், ஹைவேயை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது என்பது போதும். பேரூராட்சித் தலைவரை மற்ற ஊர்களில் சேர்மன் என்கிறார்கள். எங்கள் ஊரில் இன்னும் பிரசிடெண்ட்தான். காலேஜில் அரசியல் பாடம் படிக்கிற என் மகள் ஒரு நாள் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் முன்னெல்லாம் கட்சிப் பெரிய மனிதர்கள் நாலு பேர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பிரசிடெண்ட் வேட்பாளர் யார் என்று முடிவு செய்வார்களாம், அப்புறம்தான் மெல்ல மெல்ல மக்களிடம் விட்டார்களாம் என்று படித்துக் காட்டினாள். “நம்ம ஊர்ல எப்பம்மா உடுவாங்க?” என்றாள். நான் சிரித்துவிட்டேன். அந்த நாலு பேரிடம் மாட்டிக்கொண்டு வந்தவள் நான் என்பது அவளுக்குத் தெரியும், வேண்டுமென்றேதான் கேட்டாள்.

நடந்தது இதுதான். அந்த முறை எங்கள் பேரூராட்சியின் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கீடு வந்தது. முதலில் ஜனங்கள் ஓட்டுப் போட்டு வார்டுக்கு ஒரு கவுன்சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம் கவுன்சிலர்கள் கூடித் தங்களில் ஒருவரைத் தலைவராக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த ஒருவர் யார் என்பதைக் கட்சி மேலிடம் ஒரு பட்டியலில் அறிவிக்கும். மேலிடத்துக்கு எங்கள் ஊரில் யாரைத் தெரியும்? மாவட்டம் சொல்கிற ஆளைத் தெரியும். மாவட்டத்துக்குப் பேரூர் சொல்ல வேண்டும். இப்படித்தான் அது மேலே போய்க் கீழே வரும்.

எங்கள் வார்டும் பெண்கள் வார்டு ஆனதால் என் வீட்டுக்காரர் நிற்க முடியாது. கட்சியில் நிற்க ஆசைப்படுகிறவர்கள் விருப்ப மனு என்று ஒன்று கொடுக்க வேண்டும். என் விருப்ப மனுவை அவரே எழுதி, அவரே என் கையெழுத்தையும் போட்டு, அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். என் விருப்பம் எனக்கு மறுநாள் காலையில் இட்லி வைக்கும்போதுதான் தெரிந்தது.

“கம்பெனி வேலைய யாரு பாப்பாங்க?” என்றேன்.

“அதையும் பாரு, இதையும் பாரு. மாசத்துக்கு ஒரு மீட்டிங்கு. பேஜார் ஒண்ணும் இல்ல” என்றார்.

நேர்காணல் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் மாவட்டம் நடுவில் உட்கார்ந்திருந்தது, இரண்டு பக்கமும் ஒன்றியமும் பேரூரும். நானும் வீட்டுக்காரரும் எதிரில் போய் நின்றோம்.

“பேரு இன்னாம்மா?” என்று மாவட்டம் கேட்டது. வீட்டுக்காரர் என் பெயரைச் சொன்னார்.

“இன்னா படிச்சிருக்காங்க?”

“பிளஸ் டூ பாஸுங்க.”

“ஜெயிச்சா இன்னா செய்வாங்க?”

“கட்சி இன்னா சொல்லுதோ அத்த செய்வாங்க.”

மாவட்டம் என்னைப் பார்த்துத் தலையாட்டியது. “நல்லா பேசறாங்க” என்றது. நான் வாயைத் திறக்கவே இல்லை. அதுதான் அவர்களுக்குப் பிடித்திருக்க வேண்டும்.

எனக்கு அடுத்து வந்தவர் மகளிரணி அக்கா. அவர் பெயரும் என் பெயரும் ஒன்று. அது கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் பொதுவாக வைக்கிற பெயர். எங்கள் தெருவில் நின்று சத்தமாகக் கூப்பிட்டால் ஆறு பேராவது திரும்பிப் பார்ப்போம். இனிஷியல் மட்டும் வேறு. நான் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் எழுத்துக்கு மாறிவிட்டேன். அக்கா அப்பா எழுத்திலேயே இருந்தார். ஒரு தடவை ஏன் என்று கேட்டேன். “கட்டினவன் பெங்களூர் போறேன்னு போய்ட்டான். பதினெட்டு வருஷம் ஆவுது. ஆளே இல்ல, அவன் எழுத்து எனக்கு இன்னாத்துக்கு?” என்றார்.

அக்கா அப்போது வீட்டில் தையல் மெஷின் போட்டிருந்தார். அதற்கு முன்னால் பீடி சுற்றினார். கட்சியில் கொடி கட்டுவதிலிருந்து, கூட்டத்துக்குப் பெண்களை லாரியில் ஏற்றுவதிலிருந்து, ரேஷன் கார்டு வராதவர்களுக்குத் தாலுகா ஆபீசில் போய்ச் சண்டை பிடிப்பது வரை எல்லாம் அவர்தான். இருபது வருஷ உழைப்பு. பிரசிடெண்ட் பதவி பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்த அன்று தெருவிலேயே நின்று, “இந்த தடவ எனக்குத்தான்” என்று சொல்லிவிட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை, பேசவும் முடியாது.

நேர்காணலில் அக்காவுக்குத் துணைக்கு யாரும் இல்லை. பேரைக் கேட்டார்கள், இனிஷியலோடு சொன்னார். ஜெயித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். “அது இருக்கட்டும் அண்ணா, நான் ஒண்ணு கேக்கறேன்” என்றார். “எங்க தெருவுல பைப்பு போட்டு நாலு வருஷம் ஆவுது. இன்னும் ஒரு சொட்டு தண்ணி வரல. நான் யாரப் போய் கேக்கணும், உங்களையா, இதோ உக்காந்துனு இருக்காரே, இவரையா?” என்று பேரூரைக் கை காட்டினார். மண்டபமே சிரித்தது. பேரூரும் சிரித்தது. ஆனால் கண் சிரிக்கவில்லை.

இரண்டு பேருமே ஜெயித்தோம். அக்கா பெரிய வித்தியாசத்தில், நான் ஏதோ பார்டரில். பேரூரின் மனைவியும் ஜெயித்தார். பதினைந்து வார்டில் பதினொன்று எங்கள் கட்சிக்கு வந்துவிட்டது. இனி யார் பிரசிடெண்ட் என்பதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை டேனரிக்கு லீவு. என் வீட்டுக்காரர் தரம் பிரிக்கிற ஹாலில் அந்தப் பெரிய மேஜையைச் சுற்றி நாலு பேர் கூடினார்கள்: ஒன்றியம், பேரூர், டேனரி ஓனர், கூட ஓனரின் மச்சான். மச்சானுக்குக் கட்சியில் எந்தப் பதவியும் கிடையாது, எல்லாக் கூட்டத்திலும் அவர்தான் கடைசியாகப் பேசுவார். ஹாலுக்குக் கதவே இல்லை, வெளிச்சத்துக்காகத் திறந்தே கட்டியது. இருந்தாலும் ஊரில் ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் டீ கொண்டுபோய்க் கொடுத்தவர் என்பதால் எனக்கு மட்டும் கேட்டது.

பேரூர் தன் மனைவிக்கு வேண்டும் என்றாராம். ஒன்றியத்துக்கு மனசு ஒப்பவில்லை. புருஷன் பேரூர், பெண்டாட்டி பிரசிடெண்ட், ஊர் சிரிக்காதா என்றாராம். அக்காவை விட்டால் ஜனங்கள் கோபப்படுவார்கள், மகளிரணியில் மேலிடம் வரைக்கும் அவருக்கு ஆள் பழக்கம் இருக்கிறது என்றாராம். “அது வாயாடிங்க. சொன்னா கேக்காது” என்றாராம் பேரூர். கடைசியில் மச்சான், “எழுதி அனுப்பு, பாத்துக்கலாம்” என்று எழுந்துவிட்டாராம். அக்காவின் பெயர்தான் மாவட்டத்துக்குப் போனது.

“என் பேச்சு வந்துச்சா?” என்று கேட்டேன்.

“உன் பேச்சா? எதுக்கு?” என்றார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, ஒப்புக்கொள்கிறேன்.

கவுன்சில் கூட மூன்று நாள் இருக்கும்போது பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. மாவட்டம் முழுக்க எல்லா ஊருக்கும் ஒரே பட்டியல். எங்கள் ஊருக்கு நேரே எங்கள் பெயர் இருந்தது. வெறும் பெயர். மற்ற ஊர்க்காரர்களுக்கெல்லாம் முன்னால் ஓர் எழுத்து, சிலருக்கு இரண்டு எழுத்துகூட இருந்தது. எங்களுக்கு மட்டும் இனிஷியல் விட்டுப்போயிருந்தது. தட்டச்சு செய்தவருக்கு அவசரமாக இருந்திருக்கும்.

எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அக்காவுக்கு வாழ்த்துச் சொல்லப் புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் பைக் சத்தம் கேட்டது. பேரூர் ஏழெட்டுப் பேரோடு உள்ளே வந்து, கையிலிருந்த சால்வையை என் தோளில் போட்டுவிட்டார். போட்டோவும் எடுத்தாயிற்று.

“அண்ணா, இது அக்காவோடது” என்றேன்.

“யாரு சொன்னது? பட்டியல்ல பேரு இருக்குதா இல்லையா? அது உன் பேரா இல்லையா?”

என் பெயர்தான். அதை எப்படி இல்லை என்பது? என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சால்வையின் கரையைத் தடவித் தரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேரூரின் கணக்கு எனக்கு அன்று ராத்திரியே புரிந்துவிட்டது. அவர் மனைவிக்குக் கிடைக்கவில்லை. சரி, வாயாடிக்கும் கிடைக்கக் கூடாது. வாயே திறக்காத ஒருத்தி அதே பெயரில் சும்மா இருக்கும்போது எதற்கு விட வேண்டும்? நாற்காலியில் நான், பின்னால் அவர். நன்றாகப் புரிந்தது. புரிந்த பிறகும் நான் அந்தச் சால்வையை மடித்துப் பீரோவில்தான் வைத்தேன், திருப்பிக் கொடுக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பாஸ்டர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, நம் சபையிலிருந்து ஒரு பிரசிடெண்ட் என்று ஸ்தோத்திரம் சொன்னார். கம்பெனி தோழிகள் போன் செய்து, “இனிமே கம்பெனி கேட்டுல உன் பைய செக் பண்ணுவாங்களா மாட்டாங்களா?” என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்து ஒரு பழைய நோட்டில் ‘தலைவர்’ என்று எழுதி அதற்கு மேல் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது பக்கத்துக்குத் திருப்பினபோது அக்கா வந்து நின்றார்.

நேரே சமையற்கட்டுக்கு வந்து, அடுப்புப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

“நீயா, நானா?” என்றார்.

“எனக்குத் தெரியாதுக்கா. சால்வ போட்டுட்டு போய்ட்டாங்க.”

“யாரு ஆனா இன்னா, ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு சொல்றதுக்கு நான் ஒண்ணும் பெரிய மனுஷி இல்லடீ. எனக்கு வோணும். எவ்ளோ வருஷமா எனக்கு வோணும்னு உனக்குத் தெரியுமா?” என்றார். தாலுகா ஆபீசையே ஆட்டி வைக்கிற அக்கா என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். எனக்கு வெட்கமாக இருந்தது. நோட்டை முறத்துக்கு அடியில் தள்ளினேன்.

அவர் போனதும் வீட்டுக்காரரிடம் மாவட்டத்துக்குப் போன் போடச் சொன்னேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக மாவட்டத்திடம் நானே பேசினேன். “அண்ணா, பட்டியல்ல இருக்கிறது நானா, அக்காவா? நீங்க யாரு பேர அனுப்பினீங்க?” என்றேன்.

மாவட்டம் ரொம்பப் பொறுமையாகச் சொன்னது: “இத பாரும்மா. பட்டியல்ல இருக்கிறது பேரு. ஆள நாங்க பாத்துக்கறோம்.”

எனக்கு வந்ததே கோபம். தப்புத் தையல் விழுந்த மேல்தோலைக்கூட யார் தைத்தது என்று கேட்டுத்தான் திருப்பி அனுப்புவோம். இங்கே இரண்டு பெண்களை ஒரே பெயருக்குள் போட்டுக் குலுக்கிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் பேப்பர் கேட்டேன். நின்றபடியே இரண்டு வரி எழுதினேன். ‘பேரூராட்சித் தலைவர் பதவியை ஏற்க எனக்கு விருப்பம் இல்லை. விலகிக்கொள்கிறேன்.’ கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினேன். என் கையாலேயே நான் எழுதிய முதல் விருப்ப மனு அதுதான்.

“நல்லா யோசிச்சியா?” என்றார்.

“யோசிச்சா மனசு மாறிடும். எடுத்துனு போங்க.”

எடுத்துக்கொண்டு போனார். நான் விலகினால் அந்தப் பெயரில் மிச்சம் இருப்பது அக்கா ஒருத்திதானே. இதில் ஒரு குழப்பமும் இல்லை என்று நினைத்தேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன். பெருமையாகக்கூட இருந்தது.

விடிந்ததும் வாட்ஸ்அப்பில் திருத்தப்பட்ட அறிவிப்பு வந்திருந்தது. எங்கள் ஊருக்கு நேரே பேரூரின் மனைவி பெயர். இந்த முறை இனிஷியல் தெளிவாக இருந்தது.

கம்பெனியில் தினமும் நூற்றுக்கணக்கான சீட்டில் போட்டுப் போட்டு என் கை பழகிப்போயிருந்தது. அங்கே வெறும் பெயர்தான் எழுதுவேன், இனிஷியலை விட்டுவிடுவேன், நேரம் மிச்சம். கடிதத்திலும் அப்படியே போட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கொண்டுபோய்க் கொடுத்ததைப் பேரூர் போனில் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார். பட்டியலில் இருக்கிற பெயர்க்காரரே தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார், இதோ கையெழுத்து. மேலிடத்துக்கு அது எந்தப் பெயர்க்காரர் என்று எப்படித் தெரியும்? கடைசி நேரத்தில் யாரையாவது போட்டாக வேண்டும் அல்லவா? போட்டுவிட்டார்கள்.

விரித்த தோலில் ஊசிமுனை ஓட்டையைக்கூடத் தடவியே கண்டுபிடிக்கிற மனிதர் என் வீட்டுக்காரர். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர்தான் போனார். இனிஷியல் இல்லை என்பதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார்.

கவுன்சில் கூடிய அன்று வாசலில் அக்காவைப் பார்த்தேன். தெருப் பெண்கள் சுற்றி நின்று, போட்டியா நில்லுக்கா, நாங்க இருக்கோம் என்றார்கள். “கட்சிய எதிர்த்து நானா? போங்கடீ வேலையப் பாத்துனு” என்று துரத்திவிட்டு என்னிடம் வந்தார்.

“எழுதிக் குடுத்தியாமே?”

“உங்களுக்காகத்தான்கா எழுதினேன்.”

“எனக்காகவா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். “என் பேருலயேவா?”

உள்ளே போய்ப் பேரூர் மனைவிக்குக் கை தூக்கினார். நானும் தூக்கினேன். அதற்கப்புறம் அக்கா ஏழு மாதம் என்னோடு பேசவில்லை. கூட்டத்தில் எங்கள் இரண்டு வார்டும் அடுத்தடுத்த எண், நாற்காலியும் அடுத்தடுத்து. ஆஜர் எடுக்கும்போது பெயரைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் பேசாமல் இருப்போம். கிளார்க் இனிஷியலைச் சேர்த்துச் சொன்ன பிறகுதான் யார் எழுந்திருக்க வேண்டுமோ அவர் எழுந்திருப்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு கூட்டம். பிரசிடெண்ட் வரத் தாமதமானது. சுவரில் இதுவரை இருந்த பிரசிடெண்டுகளின் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறது, கறுப்பில் மஞ்சள் எழுத்து. ஏணி போட்டு ஒரு பெயிண்டர் கடைசியில் புதுப் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். அக்கா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

“நீயே எடுத்துனு இருந்திருக்கலாம்டீ.”

நான் திரும்பிப் பார்த்தேன்.

“நம்ம பேராவது அங்க இருந்திருக்கும். நாளைக்கு நான் செத்தப்புறம் அது யாரு பேருன்னு எவன் கேக்கப்போறான்? நான்னு நெனச்சிட்டுப் போவான்.”

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. பலகையை முதல் வரியிலிருந்து படித்துப் பார்த்தேன். ஒரு பெயர் விடாமல் எல்லாவற்றுக்கும் முன்னால் இனிஷியல் இருந்தது. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.